பெல்லட் தீவனம் இல்லாமல் கினிப்பன்றிக்கு உணவிடும் முறை

கினிப்பன்றியின் பூர்வீகமான ஆண்டீஸ் மலைநாட்டில் அதை நூற்றாண்டுகளாகப் புல்லும் காய்கறித் தழையும் போட்டே வளர்த்து வருகிறார்கள். ஆகவே கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ பெல்லட் தீவனம் (சிறு குச்சிகளாக அழுத்திச் செய்த கடைத் தீவனம்) கிடைக்கவில்லையே என்று கலங்க வேண்டியதில்லை. ஆனால் பெல்லட்டை நிறுத்தினால், அதன்வழி கிடைத்துவந்த வைட்டமின் சி-யை நாம்தான் நாள்தோறும் தர வேண்டும். மனிதரைப் போலவே இந்த விலங்கின் உடலாலும் அதை உண்டாக்கிக்கொள்ள முடியாது.

உணவில் ஐந்தில் நான்கு பங்கு புல்லாக இருக்க வேண்டும். அது இரவும் பகலும் கூண்டில் தீராமல் கிடக்க வேண்டும். பற்கள் ஆயுள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பதால், நார் மிகுந்த புல்லை மணிக்கணக்கில் அரைத்தால்தான் அவை தேயும், குடலும் ஓயாமல் இயங்கும். நம் பகுதியில் இதற்கு மிகவும் ஏற்றது அருகம்புல். கோ-4, கோ-5 தீவனப்புல்லை இளசாக அறுத்து நறுக்கியும் கலந்து கொடுக்கலாம். போர் போராக வைக்கோல் கிடக்கிறதே என்று அதையே முழு உணவாக்கிவிடக் கூடாது. புரதம் மிகக் குறைந்த வைக்கோல் படுக்கைக்கு மட்டுமே உதவும். ஆட்டுக்கு வெட்டிப் போடும் சூபாபுல் தழையில் மைமோசின் என்னும் நச்சும், இளஞ்சோளப் பயிரில் சயனைடும் உள்ளதால் இரண்டையும் அறவே தவிர்க்க வேண்டும்.

புல்லை எங்கே அறுக்கிறோம் என்பதில்தான் மிகுந்த கவனம் வேண்டும். குறுவை, சம்பா, தாளடி என்று வயலில் பயிர் நிற்கும் மாதங்களில் களைக்கொல்லியும் பூச்சிமருந்தும் வரப்பில் படிந்திருக்கக்கூடும் என்பதால், மருந்து தெளிக்காத தென்னந்தோப்பிலோ சொந்தக் கொல்லையிலோ வளர்ந்ததை மட்டுமே எடுக்க வேண்டும். பங்குனி, சித்திரை வெயிலில் புல்லை அறுத்துப் பரப்பி, கையில் எடுத்தால் சலசலக்கும்வரை உலர்த்திச் சாக்கில் கட்டிப் பரணில் ஏற்றிவைத்தால், ஐப்பசி, கார்த்திகை அடைமழைக்கு அது கைகொடுக்கும். எங்கள் வீட்டில் இப்படிச் சேமிக்காத முதல் ஆண்டு, குவித்து வைத்திருந்த ஈரப்புல் சூடேறிப் புளித்திருந்ததைக் கவனிக்காமல் போட்டு, ஒரு குட்டிக்கு வயிறு உப்பிவிட்டது. பூசண வாடை அடிக்கும் புல்லைத் தயங்காமல் எறிந்துவிடுங்கள்.

ஒரு கிலோ எடையுள்ள விலங்குக்கு நாளொன்றுக்குச் சுமார் 20 மில்லிகிராம் வைட்டமின் சி தேவை. சினைப்பட்டிருந்தால் இன்னும் கூடுதலாக வேண்டும். 25 கிராம் பச்சைக் குடைமிளகாயில் ஏறத்தாழ அந்த அளவு கிடைக்கும். குடைமிளகாய் விலை ஏறும் நாட்களில் 10 கிராம் கொய்யாத் துண்டு போதும். இனிப்பு உள்ளதால் அதற்கு மேல் வேண்டாம். நறுக்கி வைத்தாலும் சூடாக்கினாலும் இச்சத்து குறையும் என்பதால், அவ்வப்போது நறுக்கிப் பச்சையாகவே தர வேண்டும். குடிநீரில் சொட்டுமருந்தாகக் கலப்பது பயன் தராது. வெளிச்சத்தில் சத்து கெடும், சுவை மாறினால் விலங்கு தண்ணீரையே குறைத்துக்கொள்ளும்.

இவற்றோடு நாளைக்கு ஒரு கிண்ணம் தழையும் காயும் போதும்: கொத்தமல்லி, வெள்ளரிக்காய், சிறிது கேரட். முருங்கைக்கீரையில் சுண்ணாம்புச் சத்தும், பாலக், முளைக்கீரை போன்றவற்றில் ஆக்ஸலேட்டும் மிகுதி. தினமும் கொடுத்தால் சிறுநீர்ப்பையில் கல் உண்டாக வாய்ப்பு உண்டு என்பதால் வாரம் ஒருமுறை ஒரு கொத்து மட்டும் போடலாம். வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு, சோறு, ரொட்டி, பால் ஆகியவை கூடவே கூடாது.

இந்த மாற்றத்தை இரண்டு, மூன்று வாரங்களில் படிப்படியாகச் செய்யுங்கள். வாரந்தோறும் சமையலறைத் தராசில் எடை பார்த்துக் குறித்து வாருங்கள். எடை இறங்கினாலோ, மூட்டு வீங்கி நடக்கத் தயங்கினாலோ, ஈறில் இரத்தம் கசிந்தாலோ வைட்டமின் சி குறைவாக இருக்கலாம். அரைநாள் எதையும் தின்னாமல் இருந்தால், மறுநாள்வரை காத்திருக்காமல் அன்றே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். தஞ்சை வட்டாரத்தில் இருப்போருக்கு ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.