ஆளில்லாத ஊரைச் சுற்றிப் பார்ப்பது எப்படி? புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

கைவிடப்பட்ட ஊருக்குக் கிளம்பும்போது எல்லோரும் முதலில் கேமராவைத்தான் எடுத்து வைக்கிறார்கள். ஊர் எதனால் காலியானது என்று தெரியாமல் போனால் அங்கே பார்க்கக் கிடைப்பது குட்டிச்சுவர் மட்டும்தான்.

படி 1: ஊர் ஏன் செத்தது?

நமீபியாவின் கோல்மன்ஸ்கோப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 1908-ல் பக்கத்து மணலில் வைரம் கிடைத்தது, பாலைவனத்தின் நடுவே ஐஸ் தொழிற்சாலை வரைக்கும் கட்டிக்கொண்டு வாழ்ந்தார்கள், பிறகு தெற்கே இன்னும் பெரிய வைரப்படிவு தெரியவந்ததும் ஜனம் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து 1956-க்குள் ஊரே காலி. உக்ரைனின் பிரிப்யத்தில் நடந்தது வேறு மாதிரி: செர்னோபில் அணு உலை வெடித்த மறுநாள், 1986 ஏப்ரல் 27 அன்று, மூன்று நாளில் திரும்பலாம் என்று சொல்லி மக்களை பஸ்ஸில் ஏற்றினார்கள்.

மெதுவாகக் காலியான ஊரில் உபயோகமானதை எல்லாம் கழற்றிக்கொண்டு போயிருப்பார்கள் என்றுதான் நினைப்போம். ஆனால் கலிபோர்னியாவின் போடி என்ற தங்கச் சுரங்க ஊரும் மெதுவாகத்தான் காலியானது. அங்கே கடை அலமாரியில் சரக்கு இன்னும் அப்படியே இருக்கிறது. மலைமேல் இருந்த ஊர், தூக்கிக்கொண்டு போகிற செலவு பொருளின் விலையைவிட அதிகம், அவ்வளவுதான்.

படி 2: அனுமதி

ஆள் இல்லை என்பதால் உரிமையாளர் இல்லை என்று ஆகிவிடாது. முதல் பயணத்துக்கு, அனுமதியோடு திறந்திருக்கும் இடமாகப் பாருங்கள். ஜப்பானின் ஹஷிமா நிலக்கரித் தீவு 1974-ல் காலியானது, 2009-ல் பார்வையாளர்களுக்குத் திறந்தார்கள். அங்கே சுற்றுலாப் படகில்தான் போக முடியும், குறிப்பிட்ட பாதையை விட்டு இறங்கவும் முடியாது.

படி 3: வீட்டில் உட்கார்ந்து செய்யும் வேலை

பழைய வரைபடம் ஒன்று, இன்றைய செயற்கைக்கோள் படம் ஒன்று, இரண்டையும் அருகருகே வையுங்கள். ரயில் பாதை எங்கே ஓடியது, தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். ஊர் இருந்த காலத்துப் புகைப்படம் கிடைத்தால் அச்செடுத்துக் கையில் கொண்டுபோங்கள். அது எடுக்கப்பட்ட அதே இடத்தில் நின்று பார்ப்பதைவிடச் சுவையான வேலை இதில் கிடையாது.

படி 4: முதலில் கல்லறைத் தோட்டம், அப்புறம் வீடுகள்

கல்லில் இருக்கும் வருடங்களை வரிசையாகக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே வருடத்தில் நிறைய குழந்தைகள் என்றால் கொள்ளைநோயாக இருக்கலாம், பழைய செய்தித்தாளில் அந்த வருடத்தைத் தேடுங்கள். பிறகு தரையைப் பாருங்கள். அமெரிக்கச் சுரங்க ஊர்களில் ஆணி கூடக் காலம் சொல்லும்: சதுரமான வெட்டு ஆணி என்றால் பெரும்பாலும் 1890-களுக்கு முந்திய வேலை, உருண்டையான கம்பி ஆணி அதற்குப் பிந்தியது. ஊதா நிறக் கண்ணாடித் துண்டு கண்ணில் பட்டால் நின்று பாருங்கள். நிறமே இல்லாத பாட்டிலாகத்தான் செய்தார்கள், உள்ளே கலந்த மாங்கனீசு பல வருட வெயிலில் அப்படி ஊதாவாகிவிட்டது. முதல் உலகப்போர்க் காலம் வரை அந்தக் கலவை சகஜம்.

பார்த்துவிட்டு அங்கேயே வையுங்கள், ஒரு ஆணியைக்கூடப் பையில் போட வேண்டாம். எடுத்த இடத்திலிருந்து நகர்ந்துவிட்டால் அது எந்த வீட்டு ஆணி என்று யாராலும் சொல்ல முடியாது.

படி 5: உயிரோடு திரும்புவது

சுரங்கக் குழிக்குள் போகவே போகாதீர்கள், உள்ளே கெட்ட காற்று இருந்தால் மூக்குக்குத் தெரியாது. மரத்தரையில் நான் ஒருமுறை முழங்கால் வரை இறங்கியிருக்கிறேன், பார்க்க நல்ல பலகைதான். எலிப் புழுக்கை கிடக்கும் அறையில் தூசி கிளப்பாதீர்கள், அதிலிருந்து ஹன்டா வைரஸ் தொற்றலாம். வெட்டவெளியையும் நம்ப முடியாது: அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் சென்ட்ரேலியா என்ற சுரங்க ஊருக்கு அடியில் 1962-லிருந்து நிலக்கரி எரிந்துகொண்டிருக்கிறது, 1981-ல் அங்கே ஒரு 12 வயதுப் பையனின் காலடியில் பூமி திடீரென்று பிளந்து, மரவேரைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தவனை மேலே இழுத்துக் காப்பாற்றினார்கள். தனியாகப் போகாதீர்கள். எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பதை வீட்டில் எழுதி வைத்துவிட்டுக் கிளம்புங்கள், பெரும்பாலும் அங்கே செல்போன் சிக்னல் இருக்காது.