பழைய போனு லேப்டாப்ப எல்லாம் இ-வேஸ்ட் கேம்ப்ல குடுக்கப் போறீங்களா, வீட்லயே முடிக்க வேண்டிய வேலை நெறைய இருக்கு

கேம்ப்ல சாமான குடுக்கறது அஞ்சு நிமிஷ வேலை, அதுக்கு முன்னாடி வீட்ல பண்றதுதான் உண்மையான வேலை. பெரும்பாலும் என்ன நடக்குதுன்னா, இந்த வாரம் இ-வேஸ்ட் வாங்கறாங்கன்னு ஒரு மெசேஜ் வந்ததும் டிராயர அப்படியே ஒரு பைல கவுத்து, செத்துப்போன போனு, சிக்கல் புடிச்ச ஒயரு, ரெண்டு ரிமோட்டு, எதுக்குன்னே தெரியாத ஒரு அடாப்டரு எல்லாத்தையும் ஒண்ணா குலுக்கி எடுத்துட்டுப் போய் மேஜைல வச்சிட்டு வந்துடறோம். போன்ல மெயில் லாகின் ஆன மேனிக்கே கெடக்கும், ரிமோட்ல பேட்டரி ஒழுகிப் பொரிஞ்சு போயிருக்கும். வாங்கறவங்க ஒழுங்கானவங்களா இருந்தா தப்பிச்சோம், இல்லன்னா நம்ம டேட்டா எங்கயோ, அந்த போனு இன்னொரு எங்கயோ.

மொதல்ல அவங்க என்னென்ன வாங்கறாங்கன்னு நோட்டீஸ முழுசா படிங்க. போன், டேப்லெட், லேப்டாப், கீபோர்டு, ஒயர், ரவுட்டர், செட்டாப் பாக்ஸ் இதெல்லாம் அனேகமா எல்லா இடத்துலயும் வாங்கிக்குவாங்க. பிரச்சனை பண்றது வேற அயிட்டங்க. பிரிட்ஜ், ஏசில கேஸ் இருக்கு, அத தனி மெஷின் வச்சு உறிஞ்சி எடுக்கணும், அதனால ஒரு நாள் கேம்ப்ல பொதுவா எடுக்க மாட்டாங்க. டியூப் லைட், சிஎஃப்எல் பல்பு ரெண்டுலயும் பாதரசம். பழைய பிக்சர் டியூப் டிவியோட கண்ணாடில ஈயம் கலந்திருக்கு, ஒரு பெரிய டிவில அது கிலோ கணக்குல இருக்கும், அந்தக் கண்ணாடிய வாங்கிக்க இப்ப ஆளே கெடைக்கறது கஷ்டம்ங்கறதால சில எடத்துல காசு கேப்பாங்க, சில எடத்துல வேணாம்னே சொல்லிடுவாங்க. புகை வந்தா கத்தற ஸ்மோக் டிடெக்டர்ல ஒரு வகைல அமெரிசியம்னு துளி கதிரியக்கப் பொருள் இருக்கு, அதுக்கு வழியே வேற. சந்தேகமா இருந்தா ஒரு போன் போட்டு கேட்டுடுங்க, டிவிய தூக்கிட்டுப் போய் திருப்பித் தூக்கிட்டு வர்றதுக்கு அது பரவால்ல.

இன்னொண்ணு, ஓடற பொருள ரீசைக்கிளுக்குப் போடறது கடைசி வழி. ஒரு போனோட மொத்த வாழ்நாள்ல வெளியேறுற கார்பன்ல பெரும்பங்கு அத தயாரிக்கறப்பவே போயிடுது, அரைச்சுத் தூளாக்கி உலோகத்த எடுத்தாலும் அது திரும்பி வராது. அதனால லேப்டாப் ஆன் ஆகுது, கொஞ்சம் ஸ்லோ அவ்ளோதான்னா, யாருக்காவது குடுக்க முடியுமான்னு பாருங்க, கேம்ப்லயே மறுபயன்பாட்டுக்குன்னு தனி மேஜை போடறாங்களான்னும் கேளுங்க. குடுக்கறப்ப சார்ஜர அதோடயே சேத்து டேப் போட்டு ஒட்டி, மேல ஒரு சீட்டுல "ஆன் ஆகும், பேட்டரி வீக்"னு எழுதிடுங்க. சார்ஜர் இல்லாத லேப்டாப்ப யாரும் உக்காந்து டெஸ்ட் பண்ணிட்டு இருக்க மாட்டாங்க, நேரா அரவைக்குத்தான் போகும்.

டேட்டா

அவசரப்படாம பண்ண வேண்டியது இதுதான், வரிசையும் முக்கியம். ரீசெட் பட்டன அழுத்தறதுக்கு முன்னாடி போட்டோ, சாட் எல்லாம் பேக்கப் எடுங்க. எடுத்தாச்சுன்னு நினைச்சா போதாது, புது போன்ல தொறந்து ரெண்டு பழைய போட்டோ வருதான்னு பாத்துட்டு அப்புறம் அடுத்த வேலைக்குப் போங்க. ஓடிபி குடுக்கற ஆதென்டிகேட்டர் ஆப் வச்சிருந்தா அத புது போனுக்கு மாத்தியே ஆகணும், அத விட்டுட்டு போன அழிச்சிட்டா உங்க அக்கவுண்ட்டுக்குள்ளயே நீங்க போக முடியாம வெளிய நிப்பீங்க.

அடுத்தது அக்கவுண்ட்ட விட்டு வெளிய வர்றது. நெறைய பேர் நேரா ரீசெட் பண்ணிட்டு முடிஞ்சுதுன்னு நினைக்கறாங்க, ஆனா ஐபோன்ல ஐஓஎஸ் 7 வந்த 2013லேர்ந்தே ஆக்டிவேஷன் லாக் இருக்கு, ஆண்ட்ராய்டுல 5.1லேர்ந்து அதே மாதிரி ஒரு பூட்டு இருக்கு, திருட்டுப் போன பொருள வேற எவனும் யூஸ் பண்ணக்கூடாதுன்னு வச்சது. நீங்க சைன் அவுட் பண்ணாம குடுத்தா நல்லா ஓடற போனும் எடுத்தவங்களுக்கு வெறும் செங்கல்தான், இன்னும் சில வருஷம் ஓட வேண்டியது அரவைக்குப் போகும். ஐபோன்ல ஐக்ளவுட்ட விட்டு சைன் அவுட் பண்ணி, தொலைஞ்ச போன தேடற ஃபைண்ட் மை ஆஃப் ஆயிடுச்சான்னு பாத்துட்டு எரேஸ் பண்ணுங்க. ஆண்ட்ராய்டுல கூகுள் அக்கவுண்ட்ட எடுத்துட்டு செட்டிங்ஸ் வழியா ஃபேக்டரி ரீசெட். இப்ப வர போன்லாம் டேட்டாவ என்கிரிப்ட் பண்ணி, அதாவது சாவி இல்லாம படிக்க முடியாத மாதிரி பூட்டித்தான் வைக்குது, ரீசெட் பண்ணா அந்தச் சாவியே அழிஞ்சிடும், மிச்சம் இருக்கறத எடுத்தாலும் ஒண்ணும் புரியாது. ரொம்ப பழைய ஆண்ட்ராய்டா இருந்தா மொதல்ல செட்டிங்ஸ்ல என்கிரிப்ட் பண்ணிட்டு அப்புறம் ரீசெட் பண்ணுங்க. சிம்ம எடுங்க, மெமரி கார்ட எடுங்க, இசிம் இருந்தா அதையும் அழிக்கச் சொல்லி டிக் போடுங்க. சிம் ட்ரேய கையோட பின்ன விட்டு தொறந்து உள்ள எட்டிப் பாருங்க, சின்ன மெமரி கார்டு சிம்முக்குப் பக்கத்துல கறுப்பா ஒட்டிக்கிட்டு இருக்கும், கண்ணுக்கே தெரியாது.

கம்ப்யூட்டர்ல விஷயம் கொஞ்சம் வேற. ரீசைக்கிள் பின்ன காலி பண்றதோ, சும்மா ஃபார்மேட் அடிக்கறதோ அழிச்ச கணக்குல சேராது, இலவச சாஃப்ட்வேர் வச்சே திருப்பி எடுத்துடலாம். பழைய சுத்தற ஹார்ட் டிஸ்க்னா மொத்த டிஸ்க்லயும் பழைய டேட்டா மேல ஒரு தடவ வேற எதையாவது எழுதி அழிச்சா பொதுவா போதும், ஏழு தடவ முப்பத்தஞ்சு தடவ எழுதணும்ங்கறதெல்லாம் அந்தக் காலக் கதை, அமெரிக்காவோட நிஸ்ட்ங்கற தர நிர்ணய அமைப்பு 2014ல வெளியிட்ட வழிகாட்டியே இப்படித்தான் சொல்லுச்சு. ஆனா சுத்தற பாகமே இல்லாம சிப்புல சேமிக்கற எஸ்எஸ்டில இந்த மேல எழுதற வேலை முழுசா நடக்காது, ஏன்னா அது தேய்மானத்த சமமா பிரிக்கறதுக்காக நீங்க எழுதறத ஒவ்வொரு தடவையும் வேற வேற எடத்துல கொண்டு போய் வைக்கும், பழசு எங்கயோ ஒரு மூலைல கெடக்கும். அதுக்கு டிஸ்க் கம்பெனியோட டூல்ல இருக்கற செக்யூர் எரேஸ், இல்லன்னா என்கிரிப்ட் பண்ணிட்டு அழிக்கறதுதான் சரி. விண்டோஸ்ல ரீசெட் பண்றப்ப எல்லாத்தையும் நீக்கற ஆப்ஷன் எடுத்து, டிரைவ சுத்தம் பண்றதயும் ஆன் பண்ணிக்குங்க, நேரம் எடுக்கும், ராத்திரி போட்டுட்டு தூங்குங்க.

ஆன் ஆகாத லேப்டாப்பா? பின்பக்கம் திருகு கழட்டி டிஸ்க்க வெளிய எடுத்து நீங்களே வச்சுக்குங்க, மீதிய குடுங்க. சில மாடல்ல எஸ்எஸ்டிய போர்டோடயே சால்டர் பண்ணி ஒட்டியிருக்கும், எடுக்க முடியாது, ஆன் ஆகாத போனுக்கும் இதே கதிதான். அப்ப பண்ண முடியறது, பாஸ்வேர்ட எல்லாம் மாத்திட்டு, டேட்டா அழிச்சதுக்கு சர்டிபிகேட் தர்ற எடத்துல மட்டும் குடுக்கறது. டிரில் மெஷின எடுத்துட்டு போன்ல ஓட்டை போடற வீரம் மட்டும் வேணாம், உள்ள பேட்டரி இருக்கு.

மறந்து போற சாமானுங்களும் நெறைய இருக்கு. ரவுட்டர்ல வைஃபை பாஸ்வேர்டும் நெட் கனெக்ஷன் லாகினும் இருக்கும், பின்னாடி குட்டி ஓட்டைல குச்சிய விட்டு பத்து பதினஞ்சு செகண்ட் அழுத்திப் புடிச்சா ரீசெட் ஆயிடும். ஸ்மார்ட் டிவில நீங்க லாகின் பண்ண ஆப் எல்லாம் அப்படியே இருக்கும். கேமரால கார்டு, டிவிடி டிரைவுக்குள்ள டிஸ்க், ஆபீஸ்ல இருக்கற பெரிய ஜெராக்ஸ் மெஷின்ல ஹார்ட் டிஸ்க்கே இருக்கலாம், நகல் எடுத்த பேப்பரோட படம் அதுல தங்கியிருக்க வாய்ப்பு உண்டு.

பேட்டரி

டேட்டா போனா நமக்கு மட்டும்தான் நஷ்டம், பேட்டரி வெடிச்சா பக்கத்துல நிக்கறவங்களுக்கும் சேத்து. லித்தியம் பேட்டரி நசுங்கினாலோ ரெண்டு முனையும் உலோகத்துல பட்டாலோ தீ புடிக்கும், குப்பை லாரிலயும் ரீசைக்கிள் ஆலைலயும் தீ விபத்து நடக்கறதுக்கு இது ஒரு பெரிய காரணம். அதனால குப்பைத் தொட்டில கண்டிப்பா போடக்கூடாது. கழட்ட முடியற பேட்டரிய கழட்டி, முனைங்க மேல செல்லோ டேப் இல்லன்னா எலெக்ட்ரீஷியன் டேப் ஒட்டி, ஒண்ணொண்ணையும் தனித்தனி பிளாஸ்டிக் கவர்ல போடுங்க. 9 வோல்ட் சதுர பேட்டரில ரெண்டு முனையும் ஒரே பக்கம் இருக்கறதால சாவிக்கொத்து பட்டாலே சூடாயிடும், அதுக்கு டேப் கட்டாயம். பட்டன் செல்ல குழந்தைங்க கைக்கு எட்டாம வைங்க, முழுங்கிட்டா ரெண்டு மணி நேரத்துக்குள்ளயே உணவுக்குழாய அரிச்சிடும். கழட்ட முடியாத பேட்டரினா நோண்டாதீங்க, சார்ஜ மட்டும் கொறைச்சுட்டு சுவிட்ச் ஆஃப் பண்ணி அப்படியே குடுங்க. நெறைஞ்ச சார்ஜ்ல தீ புடிச்சா அதோட வேகமே வேற.

உப்பிப்போன பேட்டரிய எப்படி கண்டுபிடிக்கறதுன்னா, போன சமமான மேஜைல படுக்க வச்சு ஒரு மூலைய விரலால தட்டுங்க, ஆடுச்சுன்னா சந்தேகம். ஓரத்துல கண்ண வச்சுப் பாத்தா ஸ்க்ரீனுக்கும் ஃப்ரேமுக்கும் நடுவுல நகம் நுழையற அளவு இடைவெளி விட்டிருக்கும். லேப்டாப்னா டச்பேட் மேல தூக்கிக்கிட்டு கிளிக் ஆகாது. அப்படி இருந்தா சார்ஜ் போடாதீங்க, அமுக்கி மூடப் பாக்காதீங்க, ஊசில குத்தி காத்த எறக்கறேன்னு மட்டும் யாரும் கெளம்பாதீங்க, உள்ள இருக்கறது எரியற கேஸ். ஒரு உலோக டப்பால காஞ்ச மணல் போட்டு அதுல வச்சு வீட்டுக்கு வெளிய நிழல்ல வைங்க. கேம்ப்காரங்ககிட்ட முன்னாடியே சொல்லி எடுப்பாங்களான்னு கேளுங்க, பைக்குள்ள மறைச்சு குடுத்துட்டு வராதீங்க. வெயில்ல நிறுத்தின காருக்குள்ள எந்த பேட்டரியயும் மணிக்கணக்குல விடாதீங்க.

பேக்கிங் பெரிய விஷயம் இல்ல. ஒயர சுத்தி ரப்பர் பேண்ட் போடுங்க, ஸ்க்ரீன் இருக்கறதுக்கு நடுவுல அட்டை வைங்க, பழைய எல்சிடி மானிட்டர் உள்ள சின்ன பாதரச விளக்கு இருக்கும், உடையக்கூடாது. காப்பர் கெடைக்குதேன்னு ஒயர வெட்டி எடுத்துட்டு, போர்ட கழட்டி வித்துட்டு, காலி டப்பாவ மட்டும் கொண்டு போய் குடுக்கறவங்க இருக்காங்க. அந்த காப்பரும் போர்டும் விக்கற காசுலதான் ஈயக் கண்ணாடி, பாதரசம் மாதிரி காசு வராத பாகத்த பாதுகாப்பா ஒழிக்கற செலவே ஓடுது, அது இல்லன்னா ரீசைக்கிள் பண்றவங்களுக்கு கணக்கு உதைக்கும்.

மேஜைல கேக்க வேண்டியது

இத கேக்க கூச்சப்படாதீங்க. சாமான் எந்த ரீசைக்கிளருக்குப் போகுது, அவங்களுக்கு அரசாங்க லைசென்ஸ் இருக்கா, ஒழுங்கா ரீசைக்கிள் பண்றவங்களுக்குத் தர்ற ஆர்2 இல்லன்னா இ-ஸ்டூவர்ட்ஸ் சர்டிபிகேட் இருக்கா, டிஸ்க்க என்ன பண்றீங்க, ரசீது குடுப்பீங்களா. நோட்டீஸ்ல பச்சை எலை படம் போட்டிருக்கறது ஒரு பதிலே கெடையாது. பேசல் ஆக்ஷன் நெட்வொர்க்னு ஒரு அமைப்பு அமெரிக்கால பழைய மானிட்டர், பிரிண்டர்னு 200க்கும் மேல எடுத்து உள்ள ஜிபிஎஸ் டிராக்கர் வச்சு குடுத்துப் பாத்தாங்க, 2016ல வெளியிட்ட முடிவுப்படி கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு கப்பல் ஏறி வெளிநாட்டுக்குப் போயிருந்துச்சு. ஆபத்தான குப்பைய நாடு விட்டு நாடு அனுப்பறத கட்டுப்படுத்தற பேசல் ஒப்பந்தத்துல 2025 ஜனவரி 1லேர்ந்து மாத்தம் வந்து, எல்லா இ-வேஸ்ட்டுக்கும் வாங்கற நாட்டோட சம்மதத்த முன்கூட்டியே வாங்கணும்னு ஆயிடுச்சு, ஆனாலும் கேள்வி கேக்கறது நம்ம வேலைதான். தப்பான எடத்துக்குப் போனா ஒயர தெருவுல போட்டு எரிச்சு காப்பர் எடுப்பாங்க, போர்ட ஆசிட்ல முக்கி தங்கம் எடுப்பாங்க, அந்தப் புகைக்கு நடுவுல குழந்தைங்க வேலை பாக்கறத பத்தி உலக சுகாதார நிறுவனமே 2021ல தனியா ஒரு அறிக்கை போட்டிருக்கு.

2022ல உலகம் முழுக்க சேந்த இ-வேஸ்ட் 6.2 கோடி டன், அதுல முறையா சேகரிச்சு ரீசைக்கிள் ஆனதுன்னு கணக்குல இருக்கறது 22.3 சதவீதம்தான்னு ஐநாவோட குளோபல் இ-வேஸ்ட் மானிட்டர் சொல்லுது. சின்ன சாமான்ல என்ன வரப்போகுதுன்னு நினைக்கறவங்களுக்கு, டோக்கியோ ஒலிம்பிக்ஸ் பதக்கத்துக்காக ஜப்பான்ல 2017லேர்ந்து 2019 வரைக்கும் ஜனங்ககிட்ட வாங்கின சாமான் 78,985 டன், போனு சுமார் 62 லட்சம், அதுங்கள்லேர்ந்து எடுத்த தங்கம் 32 கிலோ, வெள்ளி 3,500 கிலோ. பதக்கம் எல்லாத்துக்கும் அதுவே பத்துச்சு.

கேள்விக்கு "அதெல்லாம் மேல பாத்துப்பாங்க"ன்னு பதில் வந்தா சாமான திருப்பி எடுத்துட்டு வந்துடுங்க, அதுல ஒண்ணும் அசிங்கம் இல்ல. ஒயரு, கீபோர்டு மாதிரி டேட்டா இல்லாதத வேணா குடுங்க, போனும் லேப்டாப்பும் அடுத்த நல்ல எடம் கெடைக்கற வரைக்கும் வீட்லயே கெடக்கட்டும், பேட்டரி மட்டும் உப்பிப் பெருக்குதான்னு அப்பப்ப பாத்துக்குங்க. குடுத்துட்டீங்கன்னா ரசீதுல சீரியல் நம்பர் இருக்கான்னு பாருங்க, வீட்டுக்கு வந்து கூகுள், ஆப்பிள், மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல டிவைஸ் லிஸ்ட்ட தொறந்து அந்த பழைய பேர நீக்கிடுங்க. ஆபீஸ் லேப்டாப்னா இதுல எதையும் நீங்களா பண்ணாதீங்க, ஐடி டீம்கிட்ட குடுத்து கையெழுத்து வாங்கிக்குங்க.