காம்ப் செய்பவருக்கு லட் எடுத்துக் கொடுப்பது எப்படி? ரிசால்வில் இருந்து நியூக் வரை

கிரேடிங், அதாவது எடுத்த படத்தின் நிறத்தைச் சரிசெய்யும் வேலை, பழகிக்கொண்டிருக்கும் தம்பி ஒருவர் போன வாரம் கேட்டார்: "அண்ணா, விஎஃப்எக்ஸ் டீம்ல ஷாட்டுக்கு லட் கேக்குறாங்க, ரைட் கிளிக் பண்ணி எடுத்து அனுப்பிட்டா போதும்ல?" ரைட் கிளிக் பத்து விநாடி வேலைதான். அதற்கு முன்னால் என்ன செய்யணும், அனுப்பும்போது என்ன சொல்லணும் என்பதில்தான் எல்லாரும் சொதப்புகிறோம்.

லட் (LUT, லுக்-அப் டேபிள்) என்பது ஒரு வாய்ப்பாடு, அவ்வளவுதான். உள்ளே இந்த அளவு சிவப்பு, பச்சை, நீலம் வந்தால் வெளியே இந்த அளவு கொடு என்று எழுதிவைத்த பட்டியல். அந்தப் பிக்சல் படத்தின் எந்த மூலையில் இருக்கிறது, பக்கத்தில் என்ன நிறம், இது எத்தனையாவது ஃபிரேம் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. கீழே சொல்லப்போவதில் பாதி இந்த ஒரு விஷயத்திலிருந்து வருவதுதான்.

உதாரணத்துக்கு, ஆரி அலெக்ஸா கேமராவில் லாக்சி3-ல் (வெளிச்ச வித்தியாசத்தைச் சுருக்கிப் பதியும் ஆரியின் லாக் முறை) எடுத்த ஷாட், டாவின்சி ரிசால்வில் கிரேடு, பார்ப்பது ரெக் 709 (டிவிக்கான நிறத் தரம்) மானிட்டரில், காம்ப் (பல படத் துண்டுகளை ஒரே ஷாட்டாகச் சேர்க்கும் வேலை) நடப்பது நியூக் மென்பொருளில் என்று வைத்துக்கொள்வோம்.

படி 1: ப்ராஜெக்ட் செட்டிங்கைப் பாருங்கள்

கலர் மேனேஜ்மென்ட் பகுதியில் கலர் சயின்ஸ் என்னவாக இருக்கிறது? வெறும் டாவின்சி ஒய்ஆர்ஜிபி என்றால் நல்லது. நோடுக்குள் (கிரேடின் ஒவ்வொரு படியும் ஒரு நோடு) லாக்சி அப்படியே வரும். கலர் மேனேஜ்டு என்றோ ஏசஸ் என்றோ இருந்தால் உள்ளே வரும்போது நடக்கும் மாற்றமும் வெளியே போகும்போது நடக்கும் மாற்றமும் நோடுகளுக்கு வெளியே நடக்கின்றன. அவை லட்டில் ஏறாது, நீங்கள் நோடுகளில் செய்தது மட்டும்தான் ஏறும். அப்படி எடுத்த லட்டும் பயன்படும், ஆனால் அதைப் போடுகிறவர் அந்த இரண்டு மாற்றங்களையும் தன் பக்கம் செய்துகொள்ள வேண்டும். புதிதாக ஆரம்பிப்பவர்கள் ஒய்ஆர்ஜிபியிலேயே இருங்கள். கடைசி நோடில் ஒரு கலர் ஸ்பேஸ் டிரான்ஸ்ஃபார்ம் (ஒரு நிற முறையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் கருவி) போட்டு, இன்புட்டுக்கு ஆரி வைட் கேமட் 3 (கேமட் என்றால் நிறங்களின் எல்லை), லாக்சி3 என்றும், அவுட்புட்டுக்கு ரெக் 709, காமா 2.4 என்றும் கொடுங்கள். முழுப் பயணமும் லட்டுக்குள் வந்துவிடும்.

படி 2: ஏறாததையெல்லாம் தனியே பிரியுங்கள்

பவர் விண்டோ, டிராக்கிங், விக்னெட், பிளர், ஷார்ப்பன், நாய்ஸ் ரிடக்‌ஷன், கிரெய்ன், கீஃபிரேம். இவை எதையும் வாய்ப்பாட்டில் எழுத முடியாது. முகத்தைச் சுற்றி விண்டோ போட்டுத் தூக்கிவிட்டிருந்தால் 'இந்த இடத்தில் மட்டும்' என்று லட்டுக்கு எப்படிச் சொல்வீர்கள்? அதனால் கிரேடு செய்யும்போதே இவற்றைத் தனி நோடுகளில் வைத்து, லட் எடுக்கும் முன் அந்த நோடுகளை கண்ட்ரோல் டி அழுத்தி அணைத்துவிடுங்கள். ஒரு நிறத்தை மட்டும் பிடித்துத் திருத்தும் குவாலிஃபையர் நிறத்தை வைத்துத்தான் வேலை செய்கிறது, ஆகவே ஏறலாமே என்று தோன்றும். ஆனால் அதன் விளிம்பு கூர்மையாக இருந்தால் வானத்திலும் தோலிலும் பட்டை பட்டையாகத் தெரியும், நான் அதையும் அணைத்துவிடுவேன்.

அணைத்த பிறகு ஒரு ஸ்டில் எடுத்து வையுங்கள். படி 4-ல் வேண்டும்.

படி 3: லட் எடுப்பது

கலர் பேஜில் கிளிப்பின் தம்ப்நெயில் மேல் ரைட் கிளிக், ஜெனரேட் லட். 17, 33, 65 என்று மூன்று அளவுகள் கேட்கும். 33 என்றால் ஒவ்வொரு நிறத்துக்கும் 33 புள்ளிகள், மொத்தம் 33 × 33 × 33, அதாவது 35,937 வரிகள். 65 என்றால் 2,74,625. எட்டாம் வாய்ப்பாட்டில் ஏழு இருக்கிறது, ஏழேகால் இல்லை, அதை நாமே இடையில் கணக்குப் போட்டுக்கொள்கிறோம் அல்லவா, மென்பொருளும் புள்ளிகளுக்கு நடுவே அப்படித்தான் நிரப்பிக்கொள்கிறது. பெரும்பாலான ஷாட்டுக்கு 33 தாராளம். கிரேடு ரொம்ப முரட்டுத்தனமாக இருந்தால் மட்டும் 65.

வருவது க்யூப் ஃபைல். நோட்பேடில் திறந்து பாருங்கள், வெறும் எண்கள்தான், பயப்பட ஒன்றுமில்லை.

படி 4: அனுப்பும் முன் நீங்களே போட்டுப் பாருங்கள்

கலர் மேனேஜ்மென்ட் பகுதியிலேயே லட் ஃபோல்டரைத் திறக்கும் பட்டன் இருக்கிறது. ஃபைலை அங்கே போட்டுப் பட்டியலைப் புதுப்பித்து, அதே கிளிப்பில் காலி வெர்ஷன் ஒன்று உருவாக்கி லட்டை மட்டும் போடுங்கள். எடுத்துவைத்த ஸ்டில்லை வைப் செய்து (திரையின் ஒரு பாதியில் அது, மறு பாதியில் இது) ஒப்பிட்டால் கோடு எங்கே இருக்கிறது என்றே தெரியக்கூடாது. தெரிந்தால் ஏதோ ஒரு நோடை அணைக்க மறந்திருப்பீர்கள்.

படி 5: நியூக் பக்கம்

கிரேடிங் செய்பவரும் இதைத் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும், ஏனென்றால் 'லட் தப்பா இருக்கு' என்று வரும் புகாரில் பெரும்பாலானவை இங்கேதான் பிறக்கின்றன.

காம்ப் ஆளுக்குப் போவது பொதுவாக லீனியர் இஎக்ஸ்ஆர், அதாவது வெளிச்சத்தின் அளவை அப்படியே எண்ணாக வைக்கும் ஃபைல். அதில் விளக்கு, சூரியன், கண்ணாடிப் பளபளப்பெல்லாம் 1-ஐத் தாண்டி 5, 10 என்று போகும். நம் லட்டின் வாய்ப்பாடோ 0 முதல் 1 வரைதான். லீனியரின் மேல் நேராகப் போட்டால் மேலே உள்ளதெல்லாம் வெட்டுப்படும், மற்ற நிறங்களும் கன்னாபின்னாவென்று ஆகும். முதலில் லாக்சிக்கு மாற்றிவிட்டுத்தான் லட். 18 சதவீதச் சாம்பல், அதாவது லீனியரில் 0.18, லாக்சி3-ல் (இஐ 800, கேமராவின் ஐஎஸ்ஓ போன்ற அளவு) சுமார் 0.391 ஆக வரும். ஒரு கான்ஸ்டன்ட் நோடில் 0.18 கொடுத்து இந்த எண் வருகிறதா என்று பார்த்தால் சந்தேகம் தீர்ந்தது.

நியூக்கில் எளிய வழி வெக்டர்ஃபீல்ட் நோடு. க்யூப் ஃபைலைக் கொடுத்து, கலர்ஸ்பேஸ் இன் என்பதில் அலெக்ஸா லாக்சி, அவுட் என்பதில் லீனியர். வெளியே வருவது ஏற்கெனவே 709 என்பதால் வியூவரை 'ரா' (எந்த மாற்றமும் செய்யாத நிலை) என்பதில் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒருமுறைக்கு இருமுறை மாற்றம் விழுந்து வெளுத்துப்போகும். பிளேட்டை, அதாவது காம்புக்குக் கொடுக்கும் மூல ஷாட்டை, ஏசஸ்சிஜி போல வேறு கேமட்டுக்கு மாற்றிக் கொடுத்திருந்தால் லட்டுக்கு முன்னால் ஆரி வைட் கேமட்டுக்கும் திருப்ப வேண்டும்.

அப்புறம் அந்த வெக்டர்ஃபீல்ட் நோடை ரெண்டர் ஆகும் நோடு மரத்தில் சேர்க்கச் சொல்லாதீர்கள். நோடைத் தேர்ந்தெடுத்து எடிட் மெனுவில் 'யூஸ் ஆஸ் இன்புட் ப்ராசஸ்' கொடுத்தால் லட் வியூவரில் மட்டும் தெரியும், ரெண்டரில் ஏறாது. ஆரம்ப காலத்தில் நான் இதைச் சொல்லாமல் விட்டு, வெளியில் கொடுத்த பன்னிரண்டு ஷாட்களும் லட் ஏறிய நிலையில் திரும்பி வந்தன. அதன் மேல் என் கிரேடும் சேர்ந்து கறுப்பெல்லாம் தார் ஊற்றினாற்போல ஆனது. வெட்டுப்பட்ட வெளிச்சத்தை மீட்க வழியே இல்லை. டிஐ (படத்தின் கடைசி நிறத் திருத்தம்) முடிய இரண்டு நாள் இருக்கும்போது அத்தனையும் மறு ரெண்டர்.

ஒரு கொசுறு: கிரேடு வெறும் வெளிச்சம், நிறச் சமநிலை அளவில் இருந்தால் லட்டுக்குப் பதில் சிடிஎல் (கலர் டெசிஷன் லிஸ்ட்) கொடுத்தாலே போதும். ஸ்லோப், ஆஃப்செட், பவர் மூன்றும் மூன்று நிறங்களுக்கு, கூடவே சாச்சுரேஷன், மொத்தம் பத்தே எண்கள்.

படி 6: கூடவே ஒரு குறிப்பு

ஃபைல் பெயரிலேயே ஷாட் எண், பதிப்பு, உள்ளே வருவது, வெளியே போவது நான்கும் இருக்கட்டும். வெறும் 'லாக்சி' என்று எழுதாதீர்கள். 2022-ல் வந்த அலெக்ஸா 35 லாக்சி4-ல் எடுக்கிறது, லாக்சி3-க்கு எடுத்த லட்டை அதற்குப் போட்டால் படம் கெட்டுவிடும். நான் மெயிலில் எழுதுவது இவ்வளவுதான்:

"ஷாட் 40, பதிப்பு 3. உள்ளே ஆரி வைட் கேமட் 3, லாக்சி3. வெளியே ரெக் 709, காமா 2.4. 33 புள்ளி. முகத்தின் விண்டோவும் கிரெய்னும் இதில் இல்லை. ஒப்பிட ஸ்டில் இணைத்திருக்கிறேன். பார்க்க மட்டும், தயவுசெய்து ரெண்டரில் ஏற்ற வேண்டாம்."