கறை படிந்த கார் துணிக்கு ஒரு மூலை வெட்டு

கார் துடைக்கும் மைக்ரோஃபைபர் துணியில் கறை நிலைத்துவிட்டால், ஒரு மூலையைக் கத்தரித்துவிட்டு அதைச் சக்கரம், கதவிடுக்கு, எஞ்சின் பகுதி ஆகியவற்றுக்கு ஒதுக்கிவிடுங்கள். மூலை இல்லாத துணி பெயிண்ட் பக்கமே போகக் கூடாது. அவசரத்தில் யார் எடுத்தாலும் கையில் பிடித்தவுடன் தெரிந்துவிடும். பேனாவால் போட்ட அடையாளம் நாலு சலவையில் மங்கிவிடுகிறது.

கறை வெறும் நிறம்தான், அது கீறாது. கீறுவது இழைகளுக்குள் சிக்கிய மணலும் பிரேக் தூளும். துவைத்தாலும் அவை முழுதாகப் போவதில்லை. ஆனால் அழுக்கை வாரும் திறன் குறையாமல் இருக்கும், துவைக்கும்போது துணியை மென்மையாக்கும் கண்டிஷனர் ஊற்றாதவரை. அது இழைமேல் படலமாகப் படிந்து, துணி தண்ணீரை உறிஞ்சாமல் தள்ளிக்கொண்டே போகும்.

பெயிண்டைக் காக்கப் பூசும் செராமிக் கோட்டிங்கைத் துடைத்த துணிக்கு இது பொருந்தாது. காய்ந்ததும் அது சொரசொரவென்று இறுகிவிடும். பளபளப்பான சக்கரத்தையும் கீறும். பெட்ரோலோ ஆயிலோ ஊறிய துணியையும் சேர்த்துவைக்காதீர்கள். உலர்த்தும் இயந்திரத்தில் போட்டால் தீப்பிடிக்கும் அபாயம் உண்டு.