தீ அணைஞ்சாலும் மெத்தையை நம்பாதீங்க

ஃபயர் சர்வீஸ்காரங்க அணைச்சுட்டுக் கிளம்பினதும் எல்லாம் முடிஞ்சுதுன்னு கதவைப் பூட்டிட்டு சொந்தக்காரங்க வீட்டுக்குப் போயிடாதீங்க. இலவம்பஞ்சு மெத்தை, தலகாணி, துணி மூட்டை இதெல்லாம் மேல சொதசொதன்னு நனைஞ்சிருக்கும், ஆனா உள்ள பஞ்சு மணிக்கணக்கா கனன்னுக்கிட்டே இருக்கும், கொஞ்சம் காத்து பட்டா போதும் திரும்பப் பிடிச்சுக்கும். அதனால ஃபயர் சர்வீஸ்காரங்க கிளம்புறதுக்கு முன்னாடியே அதையெல்லாம் வெளிய எடுத்து, சுவத்தை விட்டுத் தள்ளிப் போட்டு, கிழிச்சு உள்ள தண்ணி அடிக்கச் சொல்லுங்க (நீங்களா போய் இழுக்காதீங்க). ஓட்டு வீடுன்னா உத்தரமும் சட்டமும் சேர்ற மூலையையும் அவங்ககிட்ட காட்டுங்க, அங்கயும் கனல் ஒளிஞ்சிருக்கலாம். எலக்ட்ரீஷியன் பார்க்காம மெயின் ஸ்விட்ச் போடவே கூடாது. ராத்திரி யாராவது ஒருத்தர் வெளிய முழிச்சிருக்கட்டும், லேசா புகை வந்தாலும் கூச்சப்படாம மறுபடி 101க்கு அடிங்க, அவங்களுக்கு இதெல்லாம் புதுசு இல்ல.