கோர்ஸ் பிளான் பண்ண மைண்ட் மேப் போடுறீங்களா, நான் பண்ண தப்ப நீங்க பண்ணாதீங்க

போன வருஷம் கோலாலம்பூர் செந்தூல்ல ஒரு வகுப்பு எடுத்தேன், சின்னதா வியாபாரம் பண்றவங்களுக்கு கணக்கு எழுத சொல்லிக் குடுக்குற வகுப்பு, 6 சனிக்கிழமை, ஒரு சனிக்கிழமைக்கு 2 மணி நேரம். அதுக்கு முன்னாடி மூணு ராத்திரி சரியா தூங்காம எக்ஸ்மைண்ட்ங்கற சாஃப்ட்வேர்ல ஒரு மைண்ட் மேப் போட்டேன், நடுவுல தலைப்ப வச்சி சுத்திக் கிளை கிளையா பிரிக்கிற படம். 143 கட்டம், 8 கலர், கிளைக்கு கிளை குட்டிக் குட்டிப் படம் வேற. மாமாக் கடையில கூட்டாளிகிட்ட லேப்டாப்ப தொறந்து காட்டுனேன், அவன் ரொட்டி சானாய பாதியில வச்சிட்டு "பவர்லா"ன்னான். எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு.

முதல் சனிக்கிழமை. மேப்போட முதல் கிளை "வியாபாரம்னா என்ன, எத்தனை வகை". வியாபாரத்த பதியுற அரசு அமைப்பான எஸ்எஸ்எம்ல பதியுறது, தனி ஆள் வியாபாரம், கூட்டு வியாபாரம், சென்டிரியான் பெர்ஹாட்ங்கற தனியார் கம்பெனின்னு அதுலயே 1 மணி 10 நிமிஷம் போயிருச்சு. வந்தவங்கள்ல முறுக்கு சுட்டு விக்கிற ஒரு அக்கா கைய தூக்கி, "தம்பி, கடனுக்கு குடுத்தத எங்க எழுதுறது"ன்னு கேட்டாங்க. அது என் மேப்புல இடது பக்கம் மேல் மூலையில, அதாவது ஆறாவது வாரம். "அது பின்னாடி வரும்க்கா"ன்னேன். அடுத்த வாரம் அக்கா வரல.

அன்னைக்கு ராத்திரி மறுபடி மேப்ப தொறந்து பாத்தப்பதான் உறைச்சது. மேப்புல தப்பே இல்ல, எல்லா விஷயமும் அது அது எடத்துல இருக்கு. ஆனா மேப்புல கடிகாரம் கெடையாது. எது எதுக்குள்ள அடங்கும்னு அது சொல்லும், எத முன்னாடி சொல்லணும், எவ்வளவு நேரம் ஆகும்னு சொல்லாது. நான் படத்தையே பாடத் திட்டம்னு நெனச்சிட்டேன். இப்ப டூஷன் வாத்தியாருங்க, யூடியூப்ல கோர்ஸ் போடுறவங்க, கம்பெனிக்கு டிரெய்னிங் எடுக்குறவங்கன்னு நெறைய பேரு இந்த மாதிரி சாஃப்ட்வேர்ல பிளான் பண்றாங்க, அவங்க காட்டுற மேப்புலயும் பாதிக்குப் பாதி இதே கதைதான்.

இந்த சாஃப்ட்வேர்ல பெரும்பாலும் முதல் கிளைய வலது பக்கம் மேல வச்சி, கடிகார முள்ளு மாதிரி சுத்திக்கிட்டே வரும். நம்ம கண்ணு அத ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு படிச்சிரும். ஆனா அந்த வரிசை எங்கேருந்து வந்துச்சு? நம்ம மூளைக்கு எது முதல்ல ஞாபகம் வந்துச்சோ அதுதான், வேற ஒண்ணும் இல்ல. பாடம்னு நெனச்சாலே நமக்கு முதல்ல வர்றது "அப்படின்னா என்ன", "வகைகள்", "வரலாறு". பள்ளிக்கூடத்துல அப்படியே படிச்சிப் பழகிட்டோம்.

இதுல வெக்கக்கேடு என்னன்னா, நம்ம தமிழ்ப்பள்ளி பிள்ளைங்களுக்கு இது என்னைவிட நல்லாத் தெரியும். பள்ளிக்கூடத்துல ஐ-திங்க்னு சிந்தனைத் திட்டம் வந்ததுலேருந்து 8 வகை சிந்தனை வரைபடம் படிக்கிறாங்க, அமெரிக்காவுல டேவிட் ஹைர்ல் உருவாக்குனது. வகைப்படுத்த மர வரைபடம், வரிசையா நடக்குறதுக்கு நிரலொழுங்கு வரைபடம், ரெண்ட ஒப்பிட இரட்டிப்புக் குமிழி வரைபடம்னு ஒவ்வொண்ணுக்கும் ஒரு வேலை இருக்கு. நாலாம் ஆண்டு படிக்கிற என் அக்கா மககிட்ட என் 143 கட்டத்த காட்டுனேன், "மாமா இது மர வரைபடம், நீங்க வரிசை சொல்லணும்னா நிரலொழுங்குல போடணும்"ன்னா. அவ்வளவுதான், முடிஞ்சது கதை.

அதனால ரெண்டு படம் போடுங்க. முதல் படம் உங்களுக்கு, தலையில இருக்குற எல்லாத்தையும் கொட்டுறதுக்கு, அது எப்படி வேணா இருக்கட்டும். ரெண்டாவது படத்துல கட்டம் வகுப்பு எண்ணிக்கைக்கு மேல போகக் கூடாது, எனக்கு 6 வகுப்பு, அதனால 6 கட்டம், இடமிருந்து வலம். முதல் படத்துலேருந்து ஒவ்வொண்ணா எடுத்து இதுல வைக்கும்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்க, "இது தெரியாம அடுத்தது புரியுமா?" புரியாதுன்னா மட்டும் அம்புக்குறி போடுங்க. நான் இப்படிப் போட்டுப் பாத்தேன். ரசீது சேத்து வைக்கிறது தெரியாம ரொக்கப் புத்தகம் எழுத முடியாது, ரொக்கப் புத்தகம் இல்லாம கடன் பட்டியல் சரியா வராது, அது ரெண்டும் இல்லாம மாசக் கடைசியில லாபம் எவ்வளவுன்னு பாக்க முடியாது. இந்த நாலும் ஒரு சங்கிலி. நான் 1 மணி 10 நிமிஷம் பேசுன "வியாபார வகைகள்" இருக்கே, அதுலேருந்து ஒரு அம்புக்குறி கூட கெளம்பல. எதுக்கும் அது தேவைப்படல. இப்ப அது ஒரு பக்க தாளு, வீட்டுக்குக் கொண்டு போய் படிச்சிக்கலாம்.

அடுத்தது நேரம். 12 மணி நேரம்னா 720 நிமிஷம், 143 கட்டத்துக்கு வகுத்தா ஒரு கட்டத்துக்கு 5 நிமிஷம். ஜாம்ல மாட்டி லேட்டா வர்றவங்களுக்கு காத்திருக்குற நேரம், நடுவுல தே ஓ குடிக்கிற நேரம், ஒருத்தவங்க தன் அண்ணன் பணத்த ஏமாத்துன கதைய சொல்ற நேரம், இதெல்லாம் கழிச்சா 3 நிமிஷம் கூட தேறாது. இந்தக் கணக்க போட எனக்கு அரை நிமிஷம்தான் ஆச்சு, ஆனா மூணு ராத்திரியில ஒரு தடவை கூட போடல, ஏன்னா கலர் தேர்ந்தெடுக்குறதுல பிஸி. இப்ப ஒவ்வொரு கட்டத்துலயும் பேருக்குப் பக்கத்துல நிமிஷத்தையும் எழுதிருவேன், "ரொக்கப் புத்தகம் 40" அப்படின்னு. சொல்ற நேரம் மட்டும் இல்ல, அவங்க உக்காந்து எழுதிப் பாக்குற நேரமும் அதுலயே சேத்தி. காலேஜ்ல பாடம் எடுக்குறவங்களுக்கு இது புதுசா இருக்காது, காலேஜ் படிப்போட தரத்தப் பாக்குற எம்க்யூஏ கணக்குல 1 கிரெடிட்னா மாணவருக்கு 40 மணி நேர உழைப்பு, 3 கிரெடிட் பாடம்னா 120 மணி நேரம், வகுப்புல உக்காருறது, வீட்டுல படிக்கிறது, அசைன்மெண்ட் பண்றது எல்லாம் சேத்துதான் அது. ஆனா மேப் போடும்போது அவங்களும் லெக்சர மட்டும்தான் கட்டத்துல போடுறாங்க, மிச்ச நேரம் படத்துலயே இருக்காது, அப்புறம் பிள்ளைங்க படிக்கவே மாட்டேங்குதுங்கன்னு பொலம்பல்.

கட்டத்துல என்ன எழுதுறோம்ங்கறது இதவிட பெரிய விஷயம். என் மேப்புல எல்லாமே பேருதான், "ரசீது", "கடன்", "வரி", "லாபம்". பாக்க சுருக்கமா அழகா இருக்கும். ஆனா "ரசீது"ன்னா நான் என்ன பண்ணப் போறேன், அவங்க என்ன பண்ணப் போறாங்க? ஒண்ணும் தெரியாது. வகுப்புல நின்னுக்கிட்டு அந்தக் கட்டத்தப் பாத்தா, ரசீதப் பத்தி எனக்குத் தெரிஞ்ச எல்லாத்தையும் பேசத்தான் தோணும். அதையே "ஒரு மாச ரசீத தேதி வாரியா அடுக்கி ஃபைல்ல போடுவாங்க"ன்னு எழுதிப் பாருங்க, பாடம் தானா ஒரு வடிவத்துக்கு வந்துரும். வரிக்காக வியாபாரக் கணக்கையும் ரசீதையும் 7 வருஷம் வச்சிருக்கணும், அதனால ஃபைல எங்க வைக்கிறதுங்கற பேச்சும் அதுலயே வந்துரும், தனிக் கட்டம் வேணாம். கத்துக்கிறத சுலபமானதுலேருந்து கஷ்டமானது வரைக்கும் அடுக்குற புளூம் அடுக்கு எல்லா ஆசிரியருங்களுக்கும் தெரிஞ்சதுதான், 1956ல வந்தப்ப அதுல இருந்தது அறிவு, பகுப்பாய்வுன்னு பேருங்கதான், 2001ல திருத்துனப்ப எல்லாத்தையும் வினையா மாத்திட்டாங்க, நினைவுகூர்தல், பகுத்தாய்தல் அப்படின்னு. அந்த ஒரு மாத்தத்த உங்க கட்டத்துலயும் பண்ணுங்க. முதல் படத்துல இருந்த என் 143, இந்த மாதிரி மாத்தி எழுதும்போது 31 ஆயிருச்சு, மிச்சம் எல்லாம் ஒண்ணுக்குள்ள ஒண்ணு அடங்கிருச்சு, இல்லன்னா வேலைக்கே ஆகாத கட்டம்.

கோடு. கோடு இழுக்குறது ரொம்ப சுலபம், அதுதான் ஆபத்து. "கடன்"லேருந்து "ரசீது"க்கு ஒரு புள்ளிக் கோடு இழுத்து வச்சிருந்தேன், எதுக்குன்னு ரெண்டு மாசம் கழிச்சி எனக்கே தெரியல. கடன் குடுத்தா ரசீது எழுதணும்னா, கடன் திரும்பி வந்தா எழுதணும்னா, இல்ல ரெண்டும் ஒரே ஃபைல்ல போகும்னா? கோர்னெல் பல்கலைக்கழகத்துல ஜோசப் நோவாக் 1970கள்ல கருத்து வரைபடம்னு ஒண்ணு கொண்டு வந்தாரு, அதுல கோட்டு மேல வார்த்தை எழுதியே ஆகணும், கட்டம், கோடு, கட்டம் மூணையும் சேத்துப் படிச்சா ஒரு முழு வாக்கியம் வரணும். இதுக்குன்னே சிமேப் டூல்ஸ்னு இலவச சாஃப்ட்வேர் இருக்கு. நீங்க அத எறக்கணும்னு சொல்லல, நெறைய சாஃப்ட்வேர்ல கோட்டு மேல ரெண்டு வார்த்தை எழுதலாம். எழுத வரலன்னா அந்தக் கோட்ட அழிச்சிருங்க.

கலர் பத்தி ரொம்ப பேச ஒண்ணும் இல்ல. ஒரு கலருக்கு ஒரு அர்த்தம் இருக்கட்டும், நான் இப்ப பயிற்சிக்கு மட்டும் ஆரஞ்சு போடுறேன், அவ்வளவுதான். ஒரு வகுப்புல ஆரஞ்சே இல்லன்னா அன்னைக்கு நான் மட்டும்தான் பேசப் போறேன்னு அர்த்தம்.

இப்ப நம்மாளுங்களுக்கு மட்டும் வர்ற பிரச்சினைக்கு வர்றேன், இத இங்கிலீஷ்ல எழுதுறவங்க யாரும் சொல்ல மாட்டாங்க. தமிழ்ல மேப் போட்டு பிடிஎஃபா எறக்கும்போது எழுத்து ஒடையுற கதை. திரையில "கொடுக்கல் வாங்கல்"னு நல்லாத்தான் தெரியும், பிடிஎஃப்ல பாத்தா கொம்பு ஒரு பக்கம், ககரம் ஒரு பக்கம், கால் ஒரு பக்கம்னு சிதறிக் கெடக்கும். நான் அச்சுக்கடையில ஏ3 தாளுல 20 பிரதி எடுத்து காசும் குடுத்துட்டு, வகுப்புக்கு வந்து பிரிச்சப்பதான் பாத்தேன். அதனால புது சாஃப்ட்வேர் எதுவா இருந்தாலும் முதல் நாளே "கொடுக்கல் வாங்கல்", "கௌரவம்", "ஸ்ரீ" மூணையும் மூணு கட்டத்துல அடிச்சி, பிடிஎஃப், படம், வேர்ட் மூணுலயும் எறக்கிப் பாத்துருங்க, 5 நிமிஷ வேலை. பிடிஎஃப் ஒடைஞ்சா படமா எறக்குங்க, அது பெரும்பாலும் தப்பிச்சிரும்.

பழைய பாடக் குறிப்ப ஒட்டுறவங்களுக்கு இன்னொண்ணு. தமிழ்ல டைப் பண்ற முரசு அஞ்சல் சாஃப்ட்வேர் 1985லயே நம்ம நாட்டுல உருவானது, அதனால எல்லா கம்ப்யூட்டருக்கும் பொதுவான யூனிகோட் எழுத்துமுறை வர்றதுக்கு முன்னாடி தமிழ்ல டைப் பண்ணி வச்ச பாடக் குறிப்பு நம்மாளுங்ககிட்ட ஏராளமா இருக்கு. அத அப்படியே எடுத்து மேப்புல ஒட்டுனா கிறுக்கலாத்தான் வரும், முதல்ல யூனிகோடுக்கு மாத்துங்க. யூனிகோட்லயே ஒரு கூத்து இருக்கு, "கொ"வ அடிக்கும்போது கொம்பும் காலும் ஒரே குறியா பதிவாகலாம், தனித்தனி ரெண்டு குறியாவும் பதிவாகலாம், கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணுதான். சில சாஃப்ட்வேர்ல தேடுனா ஒண்ணு கெடைக்கும், இன்னொண்ணு கெடைக்காது. கட்டத்த காணோம் காணோம்னு தேடிக்கிட்டு இருப்பீங்க, அது அங்கதான் இருக்கும்.

வேற சாஃப்ட்வேருக்கு மாத்துறதும் இதே மாதிரி ஏமாத்துற விஷயம். ஓபிஎம்எல்னு ஒரு கோப்பு வகை இருக்கு, டேவ் வைனர் கம்பெனியில 2000 வாக்குல உருவானது, ஒரு சாஃப்ட்வேர்ல போட்டத இன்னொண்ணுல தொறக்க பெரும்பாலும் அதத்தான் பயன்படுத்துறோம். ஆனா அது உள்ளுக்குள்ள தலைப்பு, அதுக்குள்ள தலைப்புன்னு ஒரு மரம்தான். கிளையும் எழுத்தும் வரும். கிளைக்கு கிளை குறுக்க இழுத்த கோடு, எடத்த மாத்தி தனியா மிதக்க விட்ட கட்டம், இதெல்லாம் வருமான்னு நம்ப முடியாது, கோடு போயே போயிரும். எத முதல்ல வைக்கணும்னு கோடு வழியாத்தான் சொல்லி வச்சிருக்கீங்கன்னா, எறக்குன கோப்புல அந்த வரிசையே இருக்காது, கட்டம் மரத்துல எந்த வரிசையில இருக்கோ அதுதான் வரும். அதனால வரிசைய கட்டத்தோட பேருலயே எண்ணா போட்டுருங்க, 1.1, 1.2 அப்படின்னு. அசிங்கமாத்தான் இருக்கும், ஆனா எங்க போனாலும் கூட வரும்.

மேப்ப மாணவருங்களுக்கு முதல் நாளே முழுசா காட்டுறதும் வேணாம். புரொஜெக்டர்ல 143 கட்டத்த போட்டேன், பின்னாடி உக்காந்திருந்த பெரியவரு கண்ணாடிய கழட்டித் தொடைச்சிட்டு மறுபடி போட்டுப் பாத்தாரு, அப்புறம் போனை எடுத்துட்டாரு. மனசுல ஒரே நேரத்துல நிக்கிறது 4 விஷயம் மாதிரிதான்னு நெல்சன் கோவன் 2001ல எழுதுனாரு, அதுக்கு முன்னாடி ஜார்ஜ் மில்லர் 1956ல சொன்ன 7 ரொம்ப பேருக்குத் தெரிஞ்சிருக்கும். கிளைய எல்லாம் மடக்கி வச்சிட்டு அன்னைக்கு உள்ளத மட்டும் விரிச்சா போதும், பெரும்பாலான மைண்ட் மேப் சாஃப்ட்வேர்ல அதுக்கு ஒரு பொத்தான் இருக்கு.

எந்த சாஃப்ட்வேர் வாங்கலாம்னு கேப்பாங்க. காசு குடுக்க மனசு இல்லன்னா ஃப்ரீபிளேன் இருக்கு, முழுக்க இலவசம், மூஞ்சி கொஞ்சம் பழசு. நடுவுல ஒரு தலைப்பு இருந்தே ஆகணுங்கற கட்டாயம் பிடிக்கலன்னா ஸ்கேப்பிள், அதுல எங்க வேணா எழுதி எத வேணா எதோட வேணா இணைக்கலாம், ஆனா அது காசு. எனக்கு எக்ஸ்மைண்ட் பழகிருச்சு, மாத்தல.

ஆனா இப்ப ரெண்டாவது படம், அந்த 6 கட்டம் இருக்கே, அத மட்டும் கம்ப்யூட்டர்ல போடுறது இல்ல. மாஜோங் பேப்பர்னு சொல்ற பெரிய தாளு ஒண்ண செவுத்துல ஒட்டி, ஒட்டுத்தாளுல எழுதி எழுதி எடத்த மாத்துறேன். முறுக்கு அக்காவுக்கு ஃபோன் போட்டு, கடன் கணக்கு இந்தத் தடவை ரெண்டாவது வாரமே வருதுக்கான்னு சொன்னேன், "பாப்போம் தம்பி, தீவாளி ஆர்டர் முடியட்டும்"ன்னாங்க. இங்க வீட்டுல செல்லோடேப்ப எடுக்கும்போது செவுத்து பெயிண்டும் கூடவே உரிஞ்சி வருது, அதுக்கு வேற திட்டு வாங்கிக்கிட்டு இருக்கேன்.