பந்து கையில் இல்லாதபோது அவரைப் பாருங்கள்

2011-இன் தொடக்கத்தில் அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து பார்ப்பவர்களிடம் ஜிம்மர் ஃப்ரெடெட் பேச்சுத்தான் ஓடிக்கொண்டிருந்தது. பிரிகம் யங் பல்கலைக்கழக அணிக்காக ஆட்டத்துக்குச் சராசரியாக 28.9 புள்ளி எடுத்தார், நாட்டிலேயே அதிகம். அந்த ஜனவரியில் சான் டியேகோ ஸ்டேட் அணிக்கு எதிராக 43 புள்ளி. அதைப் பார்த்து முடித்த கையோடு, டிராஃப்டுக்கு, அதாவது அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்பிஏ-வின் அணிகள் புதிய வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வுக்கு, வரக்கூடியவர்களில் முதல் ஐந்து பேருக்குள் அவர் பெயரை என் நோட்டில் எழுதினேன். அந்த சீசனில் இரண்டு அணிகளும் மூன்று முறை மோதின, மூன்றையும் முழுதாகப் பார்த்தேன். எதிரணியில் ஆடிக்கொண்டிருந்த கவாய் லெனர்டைப் பற்றி நான் எழுதி வைத்திருந்தது ஒரே வரிதான்: "ரீபவுண்ட் நன்றாக எடுக்கிறார், ஷூட்டிங் இல்லை." (ரீபவுண்ட் என்பது விழாத எறிதலில் திரும்பி வரும் பந்தைப் பிடிப்பது.)

அந்த ஜூன் மாத டிராஃப்டில் ஃப்ரெடெட் 10-ஆவது, கிளே தாம்சன் 11-ஆவது, லெனர்ட் 15-ஆவது, ஜிம்மி பட்லர் 30-ஆவது. ஃப்ரெடெட் பிறகு சீனாவில் போய்ப் பெரிய பெயர் எடுத்தார், ஆனால் என்பிஏ-வில் அவருக்கு நிலையான இடம் அமையவில்லை. லெனர்ட் 2014-லும் 2019-லும் இறுதித் தொடரின் சிறந்த வீரர். பழைய ஆட்டங்களைத் திரும்பப் போட்டுப் பார்த்தபோதுதான் புரிந்தது, மூன்று ஆட்டங்களிலும் என் கண் பந்தின் பின்னாலேயே ஓடியிருக்கிறது. லெனர்ட் செய்ததெல்லாம் பந்து இல்லாத இடத்தில் நடந்தது. நான் அங்கே பார்க்கவே இல்லை.

அதற்குப் பிறகு பார்க்கும் முறையையே மாற்றிக்கொண்டேன். ஒரு கல்லூரி வீரர் என்பிஏ-வில் நிலைப்பாரா என்று எடைபோட இப்போது நான் எப்படிப் பார்க்கிறேன் என்பதை எழுதுகிறேன்.

கல்லூரியில் அணியையே தோளில் சுமந்தவர்கூட, என்பிஏ-வில் முதல் ஆண்டு பெரும்பாலும் நான்காவது, ஐந்தாவது ஆள்தான். பயிற்சியாளர் ஒரு பதினைந்து நிமிடம் கொடுப்பார். அந்தப் பதினைந்து நிமிடமும் பந்து வேறு யார் கையிலாவது இருக்கும். மூலையில் நிற்க வேண்டும், ஸ்கிரீன் போட வேண்டும் (சக வீரரைத் துரத்தும் எதிராளியின் வழியில் குறுக்கே நிற்பது), பந்து வந்து சேர்ந்த அரை நொடிக்குள் எறிவதா, பாஸ் கொடுப்பதா, உள்ளே புகுவதா என்று முடிவெடுக்க வேண்டும். மறுமுனையில் யாரையாவது தடுத்து நிறுத்த வேண்டும். இவை தெரிந்தவருக்குத்தான் நிமிடங்கள் கூடும். நிமிடங்கள் கிடைத்தால்தான் மற்ற திறமைகள் வெளியே வரும். ஆகவே நான் கேட்கும் முதல் கேள்வி, பந்தை இவரிடமிருந்து வாங்கிவிட்டால் களத்தில் இவர் எதற்கு இருக்கிறார்?

ஹைலைட் வீடியோவில் இதற்குப் பதில் இருக்காது. அதில் பந்து எப்போதும் அவர் கையில்தான். முழு ஆட்டங்கள் வேண்டும். ஒருவருக்கு ஐந்து ஆட்டம் என்று வைத்துக்கொள்கிறேன். இரண்டு, உயரமும் வேகமும் உள்ள பலமான அணிகளுக்கு எதிராக. ஒன்று, வெளியூர் அரங்கில். ஒன்று, சீசன் முடியும் தறுவாயில். அப்புறம் அவருடைய மிக மோசமான ஆட்டம் ஒன்று, பத்து முறை எறிந்து இரண்டு போட்டாரே, அந்த மாதிரி ஒன்று. ஐந்தில் எனக்கு அதிகம் சொல்வது அந்தக் கடைசி ஆட்டம்தான். எறிதல் விழாத நாளில் அவர் டிஃபென்ஸில் இன்னும் குனிந்து நிற்கிறாரா, ரீபவுண்டுக்குப் போகிறாரா, இல்லை அடுத்த எறிதலை நினைத்துக்கொண்டு ஆட்டத்தையே விட்டுவிட்டாரா என்று அங்கே தெரிந்துவிடும்.

ஒவ்வொரு ஆட்டத்தையும் இரண்டு முறை பார்க்க வேண்டும். முதல் முறை சாதாரணமாக. இரண்டாவது முறை அவரை மட்டும், பந்து எங்கே போகிறது என்று கண்ணை அலைய விடாமல். முதலில் கஷ்டமாக இருக்கும், கண் தானாகப் பந்துக்கு ஓடும். இரண்டு மூன்று ஆட்டத்தில் பழகிவிடும். பாஸ் கொடுத்த அடுத்த இரண்டு நொடியில் என்ன செய்கிறார்? நின்று வேடிக்கை பார்க்கிறாரா, வெட்டி உள்ளே ஓடுகிறாரா, இடம் மாறி நிற்கிறாரா? டிஃபென்ஸில் தன் ஆளையும் பந்தையும் ஒரே பார்வையில் வைத்திருக்கிறாரா? மூலையில் நிற்கும் ஷூட்டரை நோக்கி ஓடும்போது கடைசி இரண்டு அடியைக் குறுக்கிக் கட்டுப்பாட்டோடு நிற்கிறாரா, பறந்து போய்த் தாண்டி விடுகிறாரா? ஸ்கிரீன் வந்து இடித்ததும் அங்கேயே மாட்டிக்கொள்கிறாரா? டர்ன்ஓவர் ஆனதும், அதாவது பந்து எதிரணியிடம் பறிபோனதும், திரும்பி ஓடும் முதல் ஆள் இவரா, கடைசி ஆளா? கேமரா சில நேரம் அவரைக் காட்டாது. அப்போது குறிப்பில் வெற்றிடம் விட்டுவிடுங்கள், ஊகித்து நிரப்ப வேண்டாம்.

இப்படிப் பார்த்திருந்தால் 2012-இல் டிரேமண்ட் கிரீனை யாரும் 35-ஆவது இடம் வரை விட்டிருக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன். மிச்சிகன் ஸ்டேட்டில் நான்கு ஆண்டு ஆடியவர். உள்ளே ஆட உயரம் போதாது, வெளியே ஆட வேகம் போதாது என்றார்கள். ஆனால் அந்தக் கடைசி சீசனில் அவர் கையைக் காட்டி சக வீரர்களை இடம் மாற்றி நிறுத்துவதை ஆட்டத்துக்கு ஆட்டம் பார்க்கலாம். எதிரணி என்ன செய்யப் போகிறது என்று ஒரு நொடி முன்னாலேயே தெரிந்த ஆள். 2017-இல் என்பிஏ-வின் சிறந்த டிஃபென்ஸ் வீரர் விருது அவருக்குத்தான் போனது.

எண்களைப் பார்க்கக் கூடாது என்று சொல்லவில்லை. எந்த எண்ணை எவ்வளவு நம்புவது என்பதுதான் விஷயம். ஆட்டத்துக்கு இத்தனை புள்ளி என்பதை நான் கடைசியில்தான் பார்ப்பேன். 2014-15 கென்டக்கி அணியை எடுத்துக்கொள்ளுங்கள். 38 ஆட்டம் தொடர்ந்து ஜெயித்து, அரையிறுதியில் விஸ்கான்சினிடம் தோற்ற அணி. அதில் கார்ல்-ஆன்டனி டவுன்ஸ் சராசரி 10.3 புள்ளி, டெவின் புக்கர் 10. புக்கர் ஓர் ஆட்டத்தில்கூட ஆரம்ப ஐவரில் இல்லை. நல்ல வீரர்கள் நிறையப் பேர் இருந்ததால் நிமிடங்களைப் பங்கு போட்டார்கள், அவ்வளவுதான். டவுன்ஸ் அந்த டிராஃப்டின் முதல் தேர்வு, புக்கர் 13. சக வீரர்கள் யார், பயிற்சியாளர் என்ன வேலை கொடுத்தார் என்று தெரியாமல் புள்ளிக் கணக்கை மட்டும் படித்தால் எதுவும் விளங்காது. அதே கல்லூரியில் ஆடிய பாம் அடெபாயோ சராசரியாக ஆட்டத்துக்கு ஓர் அசிஸ்ட்கூட (சக வீரர் புள்ளி எடுக்க உதவும் பாஸ்) எடுக்கவில்லை. என்பிஏ-வில் அவர் வழியாகவே அணியின் ஆட்டம் ஓடியது.

த்ரீ பாயிண்டர் (கோட்டுக்கு வெளியிலிருந்து எறியும் மூன்று புள்ளி எறிதல்) சதவீதம் இன்னும் ஏமாற்றும். ஒரு சீசனில் ஒருவர் 150 முறை எறிகிறார் என்று வைத்துக்கொள்வோம். 54 விழுந்தால் 36 சதவீதம். ஆறு பந்து ரிங்கில் பட்டு வெளியே போனால் 32, ஆறு பந்து கூடுதலாக விழுந்தால் 40. 32 சதவீதக்காரரை யாரும் சீண்ட மாட்டார்கள், 40 சதவீதக்காரரை ஷூட்டர் என்பார்கள், ஆனால் இரண்டு பேரும் ஒரே ஆளாக இருக்கலாம். அதனால் நான் முதலில் போவது ஃப்ரீ த்ரோவுக்கு. யாரும் தடுக்காத, எப்போதும் ஒரே தூரத்து எறிதல், கையின் தன்மை அதில் தெரியும். டவுன்ஸ் கல்லூரியில் மொத்தமே எட்டு த்ரீ எறிந்து இரண்டு போட்டார், ஆனால் ஃப்ரீ த்ரோ 81 சதவீதம். டைரீஸ் மேக்சி த்ரீ 29 சதவீதம், ஃப்ரீ த்ரோ 83. இருவருமே பின்னால் நல்ல ஷூட்டர்கள் ஆனார்கள். மறுபுறம் 2017-இன் முதல் தேர்வு மார்கெல் ஃபுல்ட்ஸ், த்ரீ 41 சதவீதம், ஃப்ரீ த்ரோ 65. அவர் ஷூட்டிங் பிறகு குலைந்துபோனதில் தோள்பட்டை நரம்புப் பிரச்சினைக்கும் பங்கு உண்டு, அதை மறந்துவிட்டு ஃப்ரீ த்ரோ மேல் மட்டும் பழி போடுவது நியாயமில்லை. ஆனாலும் இந்த இரண்டு எண்களுக்கும் இடையில் அவ்வளவு பெரிய இடைவெளி தெரிந்தால் நான் இன்னும் மூன்று ஆட்டம் கூடுதலாகப் பார்ப்பேன்.

கோட்டின் தூரமும் வேறு. கல்லூரிக் கோடு 22 அடி 1¾ அங்குலம், என்பிஏ கோடு ரிங்குக்கு நேர் எதிரே 23 அடி 9 அங்குலம், மூலையில் 22 அடி. கல்லூரியிலேயே கோட்டுக்கு இரண்டடி பின்னால் நின்று தயக்கமில்லாமல் எறிபவரா என்று கவனியுங்கள். கோட்டை மிதிக்கிறோமா என்று குனிந்து பார்த்து எறிபவருக்குப் புதிதாக நிறையப் பழக வேண்டியிருக்கும்.

உயரமான ஆட்களைப் பார்க்கும்போது ஒரு விதியை மனதில் வைக்க வேண்டும். என்பிஏ-வில் யாரையும் தடுக்காமல் ரிங்குக்குக் கீழே மூன்று நொடிக்கு மேல் நிற்க முடியாது. கல்லூரியில் டிஃபென்ஸுக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது, ஆட்டம் முழுக்க அங்கேயே கூடாரம் போட்டு, எறியும் பந்தைத் தட்டிவிட்டு பிளாக் எடுக்கலாம். ஆகவே பிளாக் எண்ணிக்கையை விட்டுவிட்டு, பிக் அண்ட் ரோல் (ஸ்கிரீன் போட்டவர் உடனே ரிங்கை நோக்கி ஓடும் ஆட்டம்) வரும்போது அவர் வெளியே வந்து, பந்தைக் கொண்டுவரும் வேகமான கார்டின் முன்னால் நாலு அடி பக்கவாட்டில் நகர முடிகிறதா என்று பாருங்கள். ஜோன் டிஃபென்ஸ் (ஆளை அல்ல, ஒரு பகுதியைக் காப்பது) ஆடும் அணிகளிலும் இதே சிக்கல்தான். ஜோனுக்குப் பெயர்போன பயிற்சியாளர் ஜிம் போஹைம் காலத்து சிராகியூஸ் அணி வீரர்களை எடைபோடும்போது, ஆளுக்கு ஆள் தடுப்பதில் ஒருவர் எப்படி என்று என்னால் உறுதியாக எழுத முடிந்ததே இல்லை.

வயதை மாதக் கணக்கோடு எழுதுங்கள். 19 வயதுப் பையன் 12 புள்ளி எடுப்பதும், 23 வயதுக்காரர் அந்தப் பையன்களுக்கு எதிராக 20 புள்ளி எடுப்பதும் ஒன்றல்ல. 2021-க்குப் பிறகு கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரை வைத்துப் பணம் சம்பாதிக்கலாம் என்று ஆனதால் பலர் கூடுதல் ஆண்டுகள் தங்கி ஆடுகிறார்கள், வயது வித்தியாசம் இப்போது முன்பைவிட முக்கியம். ஆனால் வயதானவர் என்று ஒதுக்கவும் கூடாது. வில்லநோவாவில் இரண்டு சாம்பியன் பட்டம் ஜெயித்த ஜேலன் பிரன்சன் 2018-இல் 33-ஆவது தேர்வு, பிறகு என்பிஏ-வில் பெரிய ஆள் ஆனார். அவசரமே இல்லாத அந்தக் கால்கள் கல்லூரியிலேயே அப்படித்தான் இருந்தன.

டிராஃப்டுக்கு முன் வீரர்களை அளந்து சோதிக்க மே மாதம் சிகாகோவில் நடக்கும் கம்பைனில் எனக்கு வேண்டியது மூன்றே எண்: ஷூ இல்லாத உயரம், கைவிரிப்பு, நின்றபடி கை எட்டும் உயரம். பளு தூக்குவதை நான் பார்ப்பதில்லை. 2007-இல் கெவின் டுரான்ட் 185 பவுண்டை ஒரு முறைகூடத் தூக்கவில்லை.

குணம் எப்படி, மனஉறுதி எப்படி என்று டிவியில் முகத்தைப் பார்த்துச் சொல்பவர்களை நம்பாதீர்கள். பத்தொன்பது வயதுப் பையனின் தோள் தொங்குவதை வைத்து அவன் வாழ்க்கையைக் கணிக்க நமக்கு உரிமை இல்லை. உடல்நல அறிக்கையும் நம் கைக்கு வராது. அணிகளிடம் இருப்பது நம்மிடம் இல்லை என்று நோட்டிலேயே எழுதி வையுங்கள்.

யார் எத்தனையாவது தேர்வாவார் என்று மற்றவர்கள் ஊகித்துப் போடும் மாதிரி டிராஃப்ட் பட்டியலை உங்கள் ஐந்து ஆட்டமும் முடியும்வரை திறக்காதீர்கள். ஒருவர் பெயருக்குப் பக்கத்தில் 4 என்ற எண்ணைப் பார்த்துவிட்டால், அதன் பிறகு அவர் செய்வதெல்லாம் நான்காவது தேர்வு செய்வது போலவே தெரியும்.

கடைசியாக, ஒவ்வொருவருக்கும் ஒரு வாக்கியம் எழுதுங்கள். "முதல் ஆண்டில் பதினைந்து நிமிடம் கிடைத்தால், இவர் ____ செய்வார்." புள்ளி எடுப்பார் என்று எழுதக் கூடாது. எதிரணியின் முதல் கார்டைத் தடுப்பார், மூலையில் நின்று வந்த பந்தை உடனே எறிவார், ஸ்கிரீன் போட்டுவிட்டு ரிங்கை நோக்கி ஓடி இரண்டு பேரை இழுத்துக்கொண்டு போவார், இப்படி இருக்க வேண்டும். கோடிட்ட இடத்தை நிரப்ப வார்த்தை வரவில்லை என்றால் இன்னோர் ஆட்டம் பார்க்க வேண்டும் என்று அர்த்தம். தேதி போட்டு வையுங்கள், மூன்றாவது சீசன் முடியும்வரை திருத்தாதீர்கள். 2011 நோட்டில் லெனர்டின் வரிக்குப் பக்கத்தில் இன்னும் காலி இடம் இருக்கிறது. அந்த மூன்று ஆட்டங்களையும் மறுபடி பார்த்து, சிவப்பு மையில் அதை நிரப்பிக்கொண்டிருக்கிறேன்.